குடி பார்த்து ஓடாத ரத்தம்

ரத்தம் எப்ப உறையும் எண்டு பார்த்துக்கொண்டு நிக்கிறதுக்கு அரசாங்கம் எனக்குச் சம்பளம் தருது எண்டு சொன்னா, என்ட சொந்தக்காரரே நம்ப மாட்டாங்க. வாவிக்கரைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒண்டின்ட லாப்ல, உறைவு பார்க்கிற மேசை என்ட மேசை. கலியாண வீட்டில ஆராவது என்ன வேலை எண்டு கேட்டா, லாப் எண்டு மட்டும் சொல்லிட்டுச் சோத்துப் பக்கம் போயிருவன். விளங்கப்படுத்தப் போனா தங்கட சீனி வருத்தத்தைப் பற்றிக் கேக்கத் துவங்கிருவாங்க.

உங்களுக்கு எண்டபடியாச் சொல்றன். நீங்களும் வெள்ளண எழும்பி வந்து கியூவில நிண்டு, கையை நீட்டி, பஞ்சை அமத்திப் பிடிச்சுக்கொண்டு, ரிப்போட் எப்ப வரும் எண்டு எங்கட யன்னலைத் தட்டினவங்கதானே. உள்ளுக்க நிண்டு இன்னும் வரல்ல எண்டு சொல்ற பாவியும் உங்களைப் போல ஒருத்திதான். உங்களுக்குக் கை நோகும், எனக்கு வாய் நோகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

காயம் பட்டா எல்லாருக்கும் ரத்தம் கொஞ்ச நேரத்தில உறைஞ்சு நிக்கும். சில பேருக்கு நிக்காது. உறையிறதுக்குத் தேவையான ஒரு சத்து பிறவியிலேயே அவங்கட ரத்தத்தில காணாது. ஹீமோபீலியா எண்டு டொக்டர்மார் சொல்லுவாங்க, எங்கட ஆக்கள் 'ரத்தம் நிக்காத வருத்தம்' எண்டு சொல்லுவாங்க. வெளியில ஓடுறது கண்ணுக்குத் தெரியும், துணியை வைச்சு அமத்தலாம். உள்ளுக்க ஓடுறதுதான் பொல்லாதது. முழங்காலுக்குள்ள ஓடும், தசைக்குள்ள ஓடும், காலம் கெட்டா தலைக்குள்ளயும் ஓடும். இப்பிடியான ஆக்கள்ட ரத்தம் என்ட மேசைக்கு வரும். அதில மாங்கேணிக் குடும்பம் ஒண்டைப் பற்றித்தான் சொல்லப் போறன். பேரெல்லாம் மாத்தித்தான் சொல்றன், தேடித் திரிய வேணாம்.

கோடு வரைக்கும்

நாங்க உறைவு பார்க்கிற குழாய்க்கு நீல மூடி. உள்ளுக்க கொஞ்சம் மருந்துத் தண்ணி கிடக்கும், வெளியில ஒரு கோடு போட்டிருக்கும். ரத்தம் அந்தக் கோடு வரைக்கும் வரவேணும். குறைஞ்சா மருந்து மிஞ்சிப்போகும், நல்ல மனிசன்ட ரத்தமும் உறையாத ரத்தம் மாதிரிக் காட்டும். இதை வார்டுகளுக்குச் சொல்லிச் சொல்லி என்ட தொண்டைத் தண்ணி வத்திப்போச்சு. அவங்க அரைக் குழாய் அனுப்புவாங்க, நான் திருப்பி அனுப்புவன், அவங்க போனை எடுத்து ஏசுவாங்க. பின்னேரம் கன்டீன்ல எல்லாரும் ஒண்டாத்தான் டீ குடிப்பம்.

யோகராசா அண்ணனை நான் முதன்முதல் கண்டது அப்பிடி ஒரு சண்டை நாளிலதான். மீன்பிடி ஊர்ல பிறந்தும் தோணியில ஏற ஏலாத மனிசன். சின்ன வயசில இருந்து முழங்காலுக்குள்ள ரத்தம் ஓடி ஓடி, ரெண்டு காலும் மடங்காமப் போயிட்டு. கரையில ஒரு கொட்டிலுக்குள்ள இருந்து மற்றவங்கட கிழிஞ்ச வலையைப் பொத்திக் குடுக்கிறவர். அண்டைக்குப் பல்லுப் புடுங்கின இடத்தில ரத்தம் நிக்காம வார்டில கிடந்தார். ஊசி குத்தி அரைக் குழாய் எடுத்து அனுப்பினாங்க. திருப்பினன். திரும்பக் குத்தினாங்க, திரும்பவும் அரைக் குழாய். எனக்குப் பத்திக்கொண்டு வந்திச்சு, அதையும் திருப்பினன்.

கொஞ்ச நேரத்தால ஆரோ யன்னலைத் தட்டினாங்க. பார்த்தா இவர், பொல்லை ஊண்டிக்கொண்டு, வாயில துண்டை அமத்திக்கொண்டு நிக்கிறார். ஏசத்தான் வந்திருக்கிறார் எண்டு நானும் பதிலுக்கு ஆயத்தமா நிண்டன். மனிசன் துண்டை எடுத்திட்டு, பல்லெல்லாம் சிவப்பாத் தெரியச் சிரிச்சார். குரலை உயர்த்தாமத்தான் கேட்டார்:

"மிஸ், ரத்தம் காணாது காணாது எண்டு நீங்க திருப்பி அனுப்புறயள். அது நிக்குதில்ல எண்டுதானே நான் இஞ்ச வந்து கிடக்கிறன்."

நோர்மல்

ஒரு ஆள்ட ரத்தம் உறையாட்டி, அதில ஏதும் குறையுதா, இல்லாட்டி உறைய விடாம ஏதும் குழப்புதா எண்டு பார்க்கவேணும். அதுக்கு ஒரு லேசான வழி இருக்கு. நல்ல ஆள் ஒருத்தர்ட ரத்தத்தைத் தெளிய வைச்சு, மேல நிக்கிற தண்ணியை எடுத்து, நோயாளிட தண்ணியோட அரைக்கு அரை கலக்கிறது. குறைபாடுதான் எண்டா, நல்ல ரத்தம் அந்தக் குறையை நிரப்பிரும், உறையும். இந்த நல்ல ஆளுக்கு நாங்க வைச்சிருக்கிற பேர் 'நோர்மல்'. வெளியில போய் நோர்மலைத் தேடுறது ஆரு? லாப்ல நிக்கிற நாங்கதான் கையை நீட்டுறது. என்னோட வேலை செய்ற ராசிக் ஏறாவூர்க்காரர், மற்றவங்களுக்கு எத்தினை ஊசியும் குத்துவார், தனக்குக் குத்தினா மயங்கி விழுந்திருவார். அதால அனேகமா நான்தான் நோர்மல். இதை என்ட வீட்டுக்காரர் மட்டும் இண்டைக்கு வரைக்கும் ஒத்துக்கொள்ளல்ல.

யோகண்ணன்ட தங்கச்சி பூமணி. அவட மகனுக்கும் இதே வருத்தம். தவழத் துவங்கின காலத்தில இருந்து பிள்ளைட மேலெல்லாம் நீலம் பாரிச்ச கண்டல். அயலில இருக்கிறவங்க தாய் அடிக்கிறா எண்டே கதைச்சாங்களாம். ஒரு நாள் மகன்ட ரத்தத்துக்கு நாங்க என்னதான் செய்றம் எண்டு பார்க்க ஆசைப்பட்டு லாப் வாசல்ல வந்து நிண்டா. உள்ளுக்க விடக்கூடாது. ஆனா அண்டைக்கு மெசின் பழுது, நான் கையாலதான் பார்த்துக்கொண்டிருந்தன், வாசல்ல நிண்டாலே தெரியும். சூடான தண்ணிக்குள்ள குழாயை வைக்கிறது, எடுத்துச் சரிக்கிறது, கட்டி தெரியுதா எண்டு பார்க்கிறது, திரும்ப வைக்கிறது. மகன்ட குழாய் எத்தினை தரம் சரிச்சாலும் தண்ணியாவே ஓடிக்கொண்டு கிடந்திச்சு. மறுகா என்டதைக் கலந்து வைச்சன். சரிச்ச உடன ஜெலி மாதிரிப் பிடிச்சு நிண்டிட்டு.

பூமணி நெஞ்சில கையை வைச்சிட்டா. அதுக்குள்ள என்ன விட்டயள் எண்டு கேட்டா. என்ட ரத்தம்தான் எண்டு சொன்னன். என்னை மேலும் கீழுமாப் பார்த்தா. பகிடி விடப் போறா எண்டு நினைச்சன். முகத்தில சிரிப்பே இல்ல.

"அப்ப நீங்க எங்கட வீட்டிலயே வந்து இருங்க மிஸ். இவன் விழுற நேரம் உங்களைத் தேடிக்கொண்டு நான் எங்க ஓடுற?"

மாமன்காரன்ட கேள்வி

எங்கட பக்கத்துக் கலியாணப் பேச்சு வெளியூர் ஆக்களுக்கு விளங்காது, அதால கொஞ்சம் சொல்லிட்டுப் போறன். இஞ்ச சம்பந்தம் பேச வந்தா முதல்ல கேக்கிறது, என்ன குடி எண்டுதான். குடி எண்டா வம்சம், அது தாய் வழியாத்தான் வரும். தாய் என்ன குடியோ பிள்ளையும் அந்தக் குடி. தகப்பன்ட குடி தகப்பனோட நிண்டிரும். கோயில்ல திருவிழாப் பங்கும் குடிப்படிதான். வீடு வளவும் தாயிட்ட இருந்து மகளுக்குத்தான். கலியாணம் முடிச்சா மாப்பிளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பொம்பிளை வீட்டுக்குப் போவார்.

இந்த ஊர்ல போய் டொக்டர்மார், ஹீமோபீலியா தாய் வழியா வாறது, பொம்பிளையள் தெரியாமக் காவிக்கொண்டு வந்து ஆம்பிளைப் பிள்ளையளுக்குக் குடுக்கிறது எண்டு சொன்னா என்ன நடக்கும்? சனம் தலையை ஆட்டிட்டு. அவங்களுக்கு அது நல்லா விளங்கிட்டு. தாய் வழியா வாறது எண்டா அது குடியோட வாறது. யோகண்ணனும் பூமணியும் ஒரு குடி, யோகண்ணனுக்கும் இருக்கு, பூமணிட மகனுக்கும் இருக்கு. அப்ப அந்தக் குடிதான் பழுது. குடிட பேரை நான் எழுத மாட்டன், நாளைக்கு என்ட படலையில வந்து நிப்பாங்க.

பூமணிட மூத்த மகள் துசாந்திக்கு ஒரு சம்பந்தம் வந்து நல்லாப் போய்க்கொண்டிருந்திச்சு. மாப்பிளை வாழைச்சேனைப் பக்கம், வேற குடி. வருத்தத்தைப் பற்றி மாப்பிளை வீட்டுக்குத் தெரிய வந்ததும், பெண் பிள்ளையும் காவுறாளா எண்டு கேட்டாங்க. நியாயமான கேள்விதான், ஏனெண்டா தாய் காவுறதால துசாந்தியும் காவ, காவாம இருக்க, பாதிக்குப் பாதி. எங்கட லாப்ல சத்தின்ட அளவைப் பார்த்து அதை அடிச்சுச் சொல்ல ஏலாது. டொக்டர் ரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பி, பரம்பரைப் பரிசோதனை செய்விச்சா. கன நாள் காத்திருந்து பதில் வந்திச்சு. பிள்ளை காவல்ல. சுத்தமா இல்ல. துசாந்தி என்ட மேசைக்குப் பக்கத்தில நிண்டு அழுதா, எனக்கும் கண் கலங்கிட்டு.

சம்பந்தம் ஆனாலும் முறிஞ்சிட்டு. கொஞ்ச நாளால மாப்பிளைட தாய்மாமன் வேற ஆருக்கோ சீனி பார்க்க வந்தவர், தான் ஆரெண்டு சொல்லிக்கொண்டு யன்னலடிக்கு வந்தார். வெள்ளைச் சாரம், கையில குடை, மரியாதையான மனிசன். எனக்கு வாய் சும்மா கிடக்காதே. பிள்ளை தானே ரிப்போட்டைக் கொண்டு வந்து உங்களிட்டக் காட்டின பிறகும் ஏன் இப்பிடிச் செய்தயள் எண்டு கேட்டிட்டன். அவர் கோவப்படல்ல. விளங்காத பிள்ளைக்கு விளங்கப்படுத்துற மாதிரித்தான் சொன்னார்:

"ரிப்போட் அந்தப் பிள்ளைக்குத்தானே மிஸ். குடிக்கு எங்க ரிப்போட்?"

பலகாரப் பெட்டி

யோகண்ணன்ட மகள் டிலானிட கலியாணம் ஒரு கரைச்சலும் இல்லாம நடந்திச்சு. ஒருத்தரும் ரிப்போட் கேக்கல்ல, கொழும்புக்கு ரத்தம் போகல்ல. யோகண்ணன்ட மனிசி சந்திரா வேற குடி, நல்ல பேர் எடுத்த குடி. டிலானி தாய்ட குடி. அப்ப அவவுக்கும் யோகண்ணன்ட வருத்தத்துக்கும் என்ன சம்பந்தம்? ஊர்க் கணக்கு அப்பிடி.

என்ட கணக்கு வேற. வருத்தம் இருக்கிற ஆம்பிளை அதைத் தன்ட மகனுக்குக் குடுக்க மாட்டார், மகளுக்குக் கட்டாயம் குடுப்பார். ஒரு மகள் தப்புறது, ஒரு மகள் மாட்டுறது எண்ட கதையே இல்ல. துசாந்திக்காவது பாதிக்குப் பாதி. டிலானிக்குக் கேள்வியே இல்ல. டெஸ்ட் எடுக்கவும் தேவையில்ல, தகப்பன்ட முழங்காலைப் பார்த்தாப் போதும். டிலானி பள்ளிக்குப் போற காலத்திலேயே இதை டொக்டரும் யோகண்ணனுக்குச் சொன்னவ, நானும் சொன்னனான். ஒவ்வொரு தரமும் ஓம் மிஸ், ஓம் மிஸ் எண்டுதான் கேட்டுக்கொண்டிருப்பார்.

கலியாணம் முடிஞ்சு அந்தக் கிழமை கிளினிக்குக்கு வரக்குள்ள, லாப்புக்கு ஒரு பெட்டி நிறைய கொக்கிசும் முறுக்கும் கொண்டு வந்தார். அப்பிடி ஒரு முகத்தை நான் அந்த மனிசனிட்ட அதுக்கு முதல் காணல்ல. ராசிக் ரெண்டு கையாலயும் எடுத்துத் திண்டார். நான் எடுத்த கொக்கிசைத் திரும்பப் பெட்டிக்குள்ள வைச்சன். பிள்ளைக்குச் சொல்லியாச்சா, மருமகனுக்குச் சொல்லியாச்சா எண்டு கேட்டன். யோகண்ணன் மனிசியைப் பார்த்தார். பக்கத்தில நிண்ட சந்திராதான் பதில் சொன்னா. நல்ல மனிசி, இத்தினை வருசமா அந்த மனிசனைத் தாங்கித் திரியிறவ. ஆனா அண்டைக்கு முகம் கல்லு மாதிரி இருந்திச்சு.

"இவர்ட வருத்தம் இவர்ட ஆக்களோட நிக்கட்டும் மிஸ். என்ட பிள்ளை என்ட குடி."

நல்ல ரிப்போட்

டிலானி வயித்துப் பிள்ளையோட தனிய என்னைத் தேடி வந்தா. கையில ஒரு தனியார் லாப் ரிப்போட். நான் சொன்னது தாய்ட மனசில எங்கயோ குத்திக்கொண்டுதான் கிடந்திருக்கு போல, சந்திரா மகளை டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போய் ரத்தம் உறையிற நேரத்தைப் பார்ப்பிச்சிருக்கிறா. வடிவான ரிப்போட், எல்லாம் சரியான அளவு. அதைப் பார்த்திட்டு ராசிக் தலையில கையை வைச்சார்.

கேளுங்க, இதுதான் எங்கட தொழில்ல இருக்கிற பெரிய அநியாயம். காவுற பொம்பிளைட ரத்தம் அனேகமா ஒழுங்காத்தான் உறையும். அதிலயும் கர்ப்பம் தங்கினா இந்தச் சத்து தானாவே கூடும். அந்த நேரம் பார்த்தா பழுதெல்லாம் மறைஞ்சு நிக்கும். டெஸ்ட்டில பிழையில்ல, செய்தவங்களிலயும் பிழையில்ல. பிழையான கேள்வியைக் கேட்டா நல்ல பதில்தான் வரும்.

டிலானியைக் கதிரையில இருத்தி எல்லாத்தையும் சொன்னன். பெண் பிள்ளை எண்டா இப்ப பயமில்ல. ஆம்பிளைப் பிள்ளை எண்டா வருத்தம் இருக்க, இல்லாம இருக்க, பாதிக்குப் பாதி. இருந்தா, பிறக்கிற நேரம்தான் கண்டம். பிள்ளைட தலையில காத்தை உறிஞ்சிற கிண்ணி வைச்சு இழுக்கக்கூடாது, ஆயுதம் போடக்கூடாது, இழுத்தா தலைக்குள்ள ரத்தம் ஓடும். காணாத சத்தை ரத்தத்தில ஏத்துற சத்து ஊசி கையில இருக்கிற இடத்தில பெறவேணும். அதுக்கு டொக்டர்மாருக்கு முன்னுக்கே தெரியவேணும். அவ்வளவுதான். பிள்ளை தப்புறதுக்கு வேற ஒண்டும் தேவையில்ல, தெரிஞ்சிருந்தாக் காணும்.

அவ எல்லாத்தையும் விளங்கிக்கொண்டா, நல்ல மூளைசாலிப் பிள்ளை. எங்கட டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போனன். இஞ்சயே வந்து பெறுறன் எண்டு டொக்டரிட்டயும் ஒத்துக்கொண்டா. கர்ப்பிணிக் கார்டில மட்டும் எழுத வேணாம் எண்டு கெஞ்சினா. அந்தக் கார்டை ஊரே பார்க்கும், புருசன்ட ஆக்களும் பார்ப்பாங்க. டொக்டருக்குக் கோவம், எனக்கும் கோவம், ஆனா அவட உடம்பு அவடது, அவ வேணாம் எண்டா நாங்க என்ன செய்ற? புருசனுக்கு எண்டாலும் சொல்லு புள்ள எண்டு நான் திரும்பத் திரும்பச் சொன்னன். எழும்பிப் போகக்குள்ள வாசல்ல நிண்டு சொன்னா:

"தெரிஞ்சா அவர் தாய் வீட்டுக்குக் கிறுகிப் போயிருவார் மிஸ். வீடு என்டதான், ஆனா வெறும் வீட்டை வைச்சு நான் என்ன செய்ற?"

கேட்டதுக்குப் பதில்

அது நல்ல மாரி. மாங்கேணிப் பக்கம் ரோட்டுக்கு மேலால தண்ணி ஓடிக்கொண்டிருந்திச்சு. டிலானிக்குச் சொன்ன நாளுக்கு முதலே நோக்காடு கண்டிட்டு. அந்த மழைக்குள்ள எங்களிட்ட வர வழியில்ல, கிட்ட இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறாங்க. அங்க இருந்த டொக்டர் ஒரு இளம் பொம்பிளைப் பிள்ளை. அவவைக் குறை சொல்ல ஏலாது. கேக்கவேண்டியதை வடிவாக் கேட்டிருக்கிறா. குடும்பத்தில பரம்பரை வருத்தம் ஏதும் இருக்கா எண்டு. சந்திரா இல்ல எண்டு சொல்லிட்டா. டிலானிக்கு அது காதில விழுந்திருக்கு. ஆனா புருசன் கட்டிலுக்குப் பக்கத்தில கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டார். அவ வாயைத் திறக்கல்ல.

பிள்ளை இறங்காம நிண்டிட்டு, இதயத் துடிப்புக் குறையத் துவங்கிட்டு. கிண்ணி வைச்சு இழுத்தாங்க. அந்த நேரத்தில அதுதான் சரி, தெரியாத ஆளுக்கு. ஆம்பிளைப் பிள்ளை. தலையில வீக்கம் வளர்ந்துகொண்டே போக, தண்ணிக்குள்ளால அம்புலன்சில எங்களிட்ட அனுப்பினாங்க.

மத்தியானம் போல என்ட மேசைக்குச் சின்னப் பிள்ளைக் குழாய் ஒண்டு வந்திச்சு. பேருக்குப் பதிலா 'டிலானிட குழந்தை' எண்டு ஒட்டியிருந்திச்சு. மெசின்ல வைச்சன். பிறந்த பிள்ளையள்ட ரத்தம் உறையக் கொஞ்சம் சுணங்கும், அது வழமை. இது சுணக்கம் இல்ல. மெசின் தன்னால ஏலுமான மட்டும் பார்த்திட்டு, உறையல்ல எண்டு காட்டி விட்டிட்டு. மற்ற டெஸ்டெல்லாம் முடியிற வரைக்கும் நான் நிக்கல்ல, போனை எடுத்து, இது யோகண்ணன்ட பேரன் எண்டு டொக்டரிட்டச் சொல்லி, சத்து ஊசியை ஏத்தச் சொன்னன். மிச்ச வேலையை ராசிக் வாங்கிச் செய்தார். ஊசி ஏத்தினாங்க, ரத்தம் நிண்டிச்சு, பிள்ளை பிழைச்சிட்டு. ஆனா தலைக்குள்ள ஓடினது ஓடினதுதான். அதை ஒருத்தராலயும் திருப்பி எடுக்க ஏலாது.

வேலை முடிஞ்சு வார்டடிக்குப் போனன். சந்திரா சுவரோட சாஞ்சு நிலத்தில குந்திக்கொண்டிருந்தா. எனக்குள்ள பத்தி எரிஞ்சுகொண்டிருந்திச்சு. நாலு வார்த்தை கேக்கவேணும் எண்டுதான் போனன். என்னைக் கண்டதும் எழும்பி என்ட கையைப் பிடிச்சிட்டா. நான் கேக்க முதல் அவவே சொன்னா:

"உங்கட குடும்பத்தில வருத்தம் இருக்கா எண்டுதானே மிஸ் கேட்டாங்க. எங்கட குடியில ஒருத்தருக்கும் இல்ல. நான் பொய் சொல்லல்லயே."

தகப்பன்ட பங்கு

பிள்ளைக்கு இப்ப வயசு ஒண்டு தாண்டிட்டு. இடது கை மடங்கினபடிதான் கிடக்கு, அந்தப் பக்கத்துக் காலையும் ஊண்ட மாட்டான். வலிப்புக்கு மருந்து போகுது. முகம் வடிவான முகம், ஆரைக் கண்டாலும் சிரிப்பான். டிலானிட புருசன் கொஞ்ச நாள் நிண்டு பார்த்தான், மறுகா தாய் வீட்டுக்குப் போய் வாறன் எண்டு போனவன்தான். வந்து கூட்டிக்கொண்டு போங்க எண்டு கேக்கவும் ஏலாது, ஏனெண்டா அவன்தான் அங்க வந்து இருக்கவேண்டியவன். துசாந்திக்கு இன்னும் ஒண்டும் சரிவரல்ல. பூமணி அதைப் பற்றி இப்ப கதைக்கிறதும் இல்ல.

பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டு வாறது யோகண்ணன்தான். டிலானிக்கு வார்டு, டொக்டர், வெள்ளைக் கோட்டு எல்லாத்திலயும் வெறுப்பு வந்திட்டு. தாயும் மகளும் ஒரு வீட்டுக்குள்ள இருந்துகொண்டு முகம் பார்த்துக் கதைக்கிறதில்லையாம். மனிசன் ஒரு கையால பொல்லை ஊண்டி, மற்றக் கையால பேரனை அணைச்சுக்கொண்டு, நொண்டி நொண்டி வருவார். விழுந்தா ரெண்டு பேருக்கும் ஆபத்து. பஸ்ஸில ஆராவது எழும்பி இடம் குடுப்பாங்க எண்டு சொல்லுவார். எங்கட யன்னலடியில கிடக்கிற நீட்டு வாங்கில ரெண்டு பேரும் பக்கத்தில பக்கத்தில இருப்பாங்க, ஒரே வருத்தம், ஒரே ஊசி.

போன கிளினிக்கில அவருக்குக் கியூவில நிக்க ஏலாமப் போயிட்டு, நானே போய் வாங்கிலயே வைச்சு ரத்தம் எடுத்தன். முதல்ல பேரனுக்கு, மறுகா அவருக்கு. பேரன் அழல்ல. குத்தின இடத்தைப் பஞ்சால அமத்திப் பிடிச்சுக்கொண்டிருந்தம், நான் ஒண்டில, அவர் ஒண்டில. உங்களில பிழையில்ல அண்ணே, வருத்தத்தைக் கேட்டு வாங்கினது ஆரு எண்டு நான் சும்மா ஆறுதலுக்குச் சொன்னன். மனிசன் பேரன்ட மடங்கின கையைப் பார்த்துக்கொண்டு, தனக்குத்தானே சொல்ற மாதிரிச் சொன்னார்:

"வீடு தாய்ட, வளவு தாய்ட, குடியும் தாய்ட. தகப்பன் எண்டு என்ட பிள்ளைக்கு நான் குடுத்தது இது ஒண்டுதான் மிஸ், இதையும் இல்ல எண்டு சொல்லிட்டாங்க எண்டு நான் சந்தோசப்பட்டுக்கொண்டு திரிஞ்சிருக்கிறன்."

இவ்வளவு காலம் இந்த மேசையில நிண்டு நான் கண்டது, வருத்தம் இல்லாத வீட்டில அதைத் தேடிப் பிடிக்கிறதுக்கும் இருக்கிற வீட்டில இல்லவே இல்ல எண்டு சத்தியம் பண்றதுக்கும் எங்கட ஆக்களை விடக் கெட்டிக்காரர் ஒரு நாட்டிலயும் இல்ல எண்டதுதான்.